சொல்லக்கூடாது சாரும் ஒரு கட்டைவிரலும்

விரல்ரேகைப் பிரிவில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘சொல்லக்கூடாது சார்’. வாசல் காவலாளியிலிருந்து தேநீர் கொண்டுவருகிறவர் வரைக்கும், முகத்துக்கு நேரே இல்லாவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான். சும்மா வந்த பெயர் அல்ல. ‘ரேகை பொருந்துது’ என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனிதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார்.

“பொருந்துதுன்னு சொல்லக்கூடாது. பொருந்துறதுக்கு அது என்ன சட்டையா? அடையாளம்னு சொல்லுங்க. இல்லையா, விலக்கம்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லையா, தீர்மானிக்க இயலவில்லைன்னு சொல்லுங்க. நாலாவதா ஒரு சொல் இந்த ஆபீஸ்ல கிடையாது.”

இந்த மூன்று சொற்களைக் காவல் காப்பதிலேயே அவருடைய ஆயுள் பாதி போய்விட்டது. மேசையில் ஒரு பூதக்கண்ணாடி, தலைக்கு மேலே கழுத்து வளைத்துத் தொங்கும் விளக்கு, எதிரில் இரண்டு படங்கள். ஒன்று, எங்கிருந்தோ கிடைத்த ரேகை. இன்னொன்று, ஆள் யாரென்று தெரிந்த ரேகை. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே ஒரு தீவு மாதிரி தனியாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டும் ஒரே விரல்தான் என்றால் ‘அடையாளம்’. வேறு வேறு விரல் என்றால் ‘விலக்கம்’. கிடைத்ததே அரைகுறை, எந்தப் பக்கமும் துணிந்து சொல்ல முடியாது என்றால் ‘தீர்மானிக்க இயலவில்லை’. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குச் ‘சரிபார்ப்பு’ என்று பெயர். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஊரில் ஒரு ஆள் வேண்டுமே! இன்ஸ்பெக்டர் போனில், “சார், நூத்துக்கு எவ்வளவு தேறும்?” என்று ஏதோ பரீட்சை மார்க் கேட்பதுபோலக் கேட்பார். வக்கீல் கோர்ட்டில், “தீர்மானிக்க முடியலைன்னா, இவர் விரலா இருக்கவும் வாய்ப்பிருக்கு, அப்படித்தானே?” என்று மடக்குவார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். “குழம்புல உப்பு சரியா இருக்கா?” என்று மனைவி கேட்பார். சாதாரண மனிதனாக இருந்தால் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட்டுப் போவான். இவர் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, “ஒரு கவளத்தை வெச்சு எப்படிச் சொல்றது?” என்பார். “நீங்க சொல்லவே வேணாம் சாமி. தீர்மானிக்க இயலாமலே சாப்பிட்டுட்டு எழுந்திரிங்க” என்று அந்த அம்மாள் தட்டைப் பிடுங்காத குறையாக நகர்ந்துவிடுவார். இப்படிப்பட்டவரோடு காலம் தள்ளுவதற்கே ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

சொல்லக்கூடாது என்பதோடு நிறுத்தினாரா? கேட்கவும் கூடாது. அது அவருடைய இரண்டாவது சட்டம். ரேகை பார்க்கிறவன் கதை கேட்கக்கூடாது. இது இன்னாருடைய மகன், இவன்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம், இவன் நல்ல பிள்ளை என்று காதில் விழுந்துவிட்டால், பிறகு கண் அதைத்தான் தேடும். இல்லாத கோடும் தெரியும், இருக்கிற கோடும் மறையும். நியாயமான விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் மனிதர் எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடி. படங்கள் எண் மட்டும் போட்டு வர வேண்டும், கூட ஒரு வரி எழுதி அனுப்பக்கூடாது என்று வருடக்கணக்கில் மேலிடத்தோடு மல்லுக்கட்டி உத்தரவே வாங்கிவிட்டார். அந்த உத்தரவு வந்த அன்றைக்கு மட்டும்தான் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னார்.

இந்த நிலையில்தான் ஒரு தையல்காரம்மா அந்த அலுவலகத்து முகப்புக்கு வந்து நின்றார்.

கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையில் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்க வேண்டும். அவருடைய தம்பி துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். அம்மா இல்லாத வீட்டில் இந்த அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தது. ஒரு நாள் சாயங்காலம், “இதோ வந்துடறேன்க்கா” என்று சாவிகூட எடுக்காமல் வெளியே போனவர் வரவில்லை. வாரங்கள் கழித்து, ஊருக்கு வெளியே இருந்த பெரிய நீர்த்தேக்கத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் தெரியும் நிலையில் அது இல்லை. துறைமுக நுழைவுச் சீட்டுக்காகத் தம்பியின் பத்து விரல் ரேகையும் முன்பே எடுக்கப்பட்டிருந்ததால், அதையும் உடலின் விரலையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி போலீஸ் இங்கே அனுப்பியிருந்தது.

“சார், அவனுக்கு ஒரு அடையாளம் இருக்கு. சின்ன வயசுல...” என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

சொல்லக்கூடாது சார் கையை நீட்டித் தடுத்தார். “எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்கம்மா. நான் கேக்கக்கூடாது.”

“உங்களுக்கு உதவியா இருக்குமேன்னுதான் சார்...”

“உதவி இல்லம்மா, உபத்திரவம். எதா இருந்தாலும் போலீஸ்ல சொல்லுங்க.” அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போலீஸ் ஸ்டேஷனில் அந்த அம்மா சொன்னார்தான். அங்கே யார் காது கொடுத்தது? “ரேகை பாத்தா தெரிஞ்சுடும்மா, நீங்க போங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீரில் அவ்வளவு நாள் கிடந்த உடலில் தேறியது வலது கட்டைவிரல் ஒன்றுதான். சவக்கிடங்கின் போட்டோகிராபர் அதன் தோலைப் படமெடுத்து, உத்தரவுப்படி எண் மட்டும் போட்டு அனுப்பினார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். விரல் என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஸ்டாம்பில் எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். தாளில் குத்தினால்தான் நேராக வரும். அதனால் விரலையே படமெடுத்து வந்தால், அதை இடம் வலம் திருப்பிப் போட்டால்தான் தாளில் பதித்த ரேகையோடு ஒப்பிட முடியும். இது அங்கே பல் விளக்குவது மாதிரியான பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை. முதல் ஆய்வைச் செய்த, பிரிவின் இன்னொரு நிபுணரான மேடமும் யோசிக்கவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டார், பார்த்தார். கொண்டை ஊசிபோல வளைந்து திரும்பும் ரேகைக்கு லூப் என்பார்கள். தம்பியின் பதிவில் லூப் வலது பக்கம் திறந்திருந்தது. உடலின் படத்தில் இடது பக்கம். அடிப்படை வடிவமே வேறாக இருந்தால் மேற்கொண்டு கோடு எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மேடம் ‘விலக்கம்’ என்று எழுதினார். சரிபார்ப்புக்கு வந்தது நம் ஆளிடம். தேநீர் ஆறுவதற்குள் அவரும் ‘விலக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடி முனையில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. தண்ணீரில் ஊறிய தோலில் விழுந்த மடிப்பு என்று நினைத்துக்கொண்டார். துறைமுகத்துப் பதிவிலும் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் இருந்தன. மை தடவியவனைத் திட்டிவிட்டு அதையும் விட்டுவிட்டார்.

மறுநாளே தையல்காரம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். “அவன் இல்லையாமே சார்! நீங்க நல்லா இருக்கணும் சார், உங்க பிள்ளைகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும்” என்று காவலாளிக்கும் ஒரு பழம், தேநீர்க்காரருக்கும் ஒரு பழம் என்று விநியோகம் செய்தார்.

“அம்மா, அந்த விரல் அவரோடது இல்லைன்னுதான் நாங்க சொன்னது. அவர் நல்லா இருக்கார்னு நாங்க சொல்லல.”

“அது இல்லைன்னா நல்லாத்தானே சார் இருப்பான்? எங்கயாவது கோவிச்சுக்கிட்டு இருப்பான். கோவக்காரன் அவன்.”

அந்த உடலுக்கு உரிமை கோர ஆள் இல்லை என்று, நகராட்சி இடுகாட்டின் ஓரத்தில் எண் போட்ட ஒரு கல்லின் கீழே புதைத்துவிட்டார்கள். அலுவலகத்தைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. புதன்கிழமை கடைக்கு விடுமுறை. புதன்கிழமை தோறும் வந்துவிடுவார். “ஏதாவது சேதி உண்டா சார்?”

நம் சாருக்கு எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். “அம்மா, காணாம போனவங்களைத் தேடுறது எங்க வேலை இல்ல. ஸ்டேஷன்ல கேளுங்க.”

“அங்க யார் சார் முகம் குடுத்துப் பேசுறா? அவன் இல்லைன்னு கண்டுபிடிச்சவரு நீங்கதானே.”

கேஸ் முடிந்துவிட்டதால் கதை கேட்கக்கூடாது என்று கையை நீட்டவும் வழியில்லை. வேண்டா வெறுப்பாகக் கேட்டுக்கொண்டு நிற்பார். அப்படித்தான் கதவு விஷயம் தெரிந்தது. தம்பி சாவி எடுக்காமல் போனவன் என்பதால் அந்த அம்மா அன்றிலிருந்து வீட்டைப் பூட்டுவதே இல்லை. இரவில் தாழ்ப்பாளும் போடுவதில்லை. ஒரு தடவை யாரோ உள்ளே நுழைந்து பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்போதும் பூட்டவில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். மகள் போனில் அழுதாள், திட்டினாள், இனிமேல் பேசவே மாட்டேன் என்றாள். “நான் இல்லாத நேரம் பார்த்து அவன் வந்தா பூட்டின கதவையா பாக்கணும்?” என்று இந்த அம்மா போகவில்லை. பேத்தியை இன்னும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

“கதவைப் பூட்டிட்டுப் போங்கம்மா, பக்கத்து வீட்ல சாவி குடுங்க. இது என்ன பிடிவாதம்?” என்று சொல்லக்கூடாது சாரே ஒரு நாள் கத்திவிட்டார்.

“நீங்க சொன்ன வார்த்தையை நம்பித்தானே சார் திறந்து வெச்சிருக்கேன்” என்றார் அந்த அம்மா சாதாரணமாக. அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. நான் சொன்னது வேறு, இந்த அம்மா கேட்டுக்கொண்டது வேறு, இந்த ஊரில் ஒரு சொல்லை ஒழுங்காகச் சொல்லவும் விடமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள் என்று வீட்டில் மனைவியிடம் பொருமித் தீர்த்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாவம், அந்தம்மா பேத்தியைப் பாக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை அந்த அம்மாவின் கட்டைவிரலில் பெரிய கட்டுப் போட்டிருந்தது. பார்த்துவிட்டுக் கேட்காமல் இருக்க முடியுமா? “என்னம்மா ஆச்சு?”

“மெஷின் ஊசி ஏறிடுச்சு சார். எங்க குடும்பத்துக்கே இந்த விரல்ல ராசி. அவனுக்கும் இதே வலது கட்டைவிரல்தான். நாலு வயசுல நான் தைக்கும்போது குறுக்க கையை விட்டுட்டான். ஊசி உள்ளேயே ஒடிஞ்சுடுச்சு. டாக்டர் கீறித்தான் எடுத்தாரு. தழும்பு குறுக்க இப்படிப் போய், முனையில இப்படி...” அந்த அம்மா கட்டின் மேலேயே இன்னொரு விரலால் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராகப் போய், முனையில் கொக்கி மாதிரி வளைந்தது.

“கொஞ்சம் இருங்கம்மா” என்றுகூடச் சொல்லாமல் சொல்லக்கூடாது சார் உள்ளே போனார்.

படங்களை எடுத்து விளக்கின் கீழே வைத்தார். உடலின் படத்தில் கொக்கி இருந்தது. தம்பியின் துறைமுகப் பதிவிலும், மை ஒழுங்காகப் பிடிக்காத திட்டுகளுக்கு நடுவே, அதே கொக்கி. அது மைத் திட்டு அல்ல, தழும்பு. ஒன்றில் கொக்கி இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். சவக்கிடங்கு போட்டோகிராபருக்குப் போன் போட்டார்.

“நீர்த்தேக்கத்துக் கட்டைவிரல் ஞாபகம் இருக்கா? எப்படி எடுத்தீங்க?”

“மறக்குமா சார்? வெளித்தோல்ல ஒண்ணுமே நிக்கல, எல்லாம் கரைஞ்சு போச்சு. தோலைப் பிரிச்சு உள்பக்கமா வெச்சு எடுத்தேன். உள்பக்கம் ரேகை அழகா இருந்தது.”

உள்பக்கம்! ஸ்டாம்பின் ரப்பரைப் பின்னாலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத்தானே தெரியும். அந்தப் படத்தைத் திருப்பியிருக்கவே கூடாது. நேராக வந்ததை இவர்கள்தான் பழக்கத்தில் திருப்பிப் போட்டு, வேறு ஆளின் விரலாக்கிவிட்டார்கள்.

“உள்பக்கம்னு ஒரு வரி எழுதி அனுப்பக்கூடாதா ஐயா?” என்றார் சார்.

“எப்படி சார் எழுதுறது? எண்ணைத் தவிர ஒரு வரி இருக்கக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்தானே உத்தரவு போட்டுச்சு? அதுக்கு முன்னாடியெல்லாம் எழுதிக்கிட்டுத்தானே இருந்தேன்.”

அவர் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்பட அவரைத் தவிர வேறு ஆளும் இல்லை. பிறகு எழுந்து திருப்பாத படத்தை எடுத்தார். தோலின் உள்பக்கம் என்பதால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும், அதைக் கணினியில் சரிசெய்து, எண்ணைக்கூட மறைத்து, தம்பியின் பதிவோடு சேர்த்து மேடத்தின் முன்னால் வைத்தார். மேடம் நிதானமாகப் பார்த்தார். கோடு கோடாகப் பார்த்தார்.

“அடையாளம். சந்தேகமே இல்ல. இதுக்குப் போய் என்னைக் கூப்பிட்டீங்களா சார்?”

அது எந்தக் கேஸ் என்று அவர் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான்தானே சார் திருப்பினேன்” என்றார்.

“நான்தான் சரிபார்த்தேன். எழுதக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினதும் நான்தான். நீங்க எந்திரிங்க, பெரியவரைப் பாக்கணும்.”

பெரியவர் என்பது பிரிவின் பொறுப்பதிகாரி. எந்தப் பிரச்சினையையும் அடுத்த மேசைக்கு நகர்த்துவதில் சூரர். முழுவதையும் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? விலக்கம்ங்கிறதை எடுத்துட்டு, தீர்மானிக்க இயலவில்லைன்னு மாத்திடுங்க. படத்தின் தரம் போதாதுன்னு ஒரு வரி. வம்பு இல்ல, வழக்கு இல்ல.”

“அது பொய் சார். நல்லா தீர்மானிக்க இயலுது. அது அடையாளம்.”

“அடையாளம்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? விலக்கம்னு கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் தப்புன்னு ஆகும். நாளைக்கு ஒவ்வொரு வக்கீலும் உங்க பழைய ரிப்போர்ட்டை எல்லாம் கிளறுவான். ஓய்வு பெறப்போற நேரத்துல உங்களுக்கு இது தேவையா? மூணு சொல்லுதான் இருக்குன்னு சொன்னது நீங்கதானே? அதுல ஒண்ணைத்தானே எழுதச் சொல்றேன்?”

சொல்லக்கூடாது சாருக்கு அவருடைய வாழ்நாளிலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்ததில்லை. அவர் காவல் காத்த சொல்லையே எடுத்து, குப்பையை மூடும் தட்டாக அவரிடமே நீட்டுகிறார் இந்த மனிதர். “இயலவில்லைன்னு எழுதினா அந்தம்மா சாகுற வரைக்கும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க சார்!” என்று மேசையில் ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

“எந்தம்மா? கதை கேக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறது நீங்கதானே?” என்றார் பெரியவர்.

அதற்குப் பதில் சொன்னது மேடம்தான். “நான் அடையாளம்னுதான் எழுதுவேன் சார். வேற எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க வேணும்னா மூணாவது ஆளை வெச்சுப் பாருங்க, அவரும் அதைத்தான் எழுதுவார்.”

மூன்றாவது ஆளை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த அவரும் அதையேதான் எழுதினார். முகப்பில் காத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவைக் காவலாளி, “சார் வேலையா இருக்கார், அடுத்த வாரம் வாங்க” என்று அன்றைக்கே அனுப்பிவிட்டிருந்தார். பெரியவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. திருத்திய அறிக்கையில் முத்திரை வைத்தார், ஆனால் தன் வேலையைக் காட்டாமல் விடவில்லை. அறிக்கை தலைமையிடம் போய், அங்கிருந்து போலீஸுக்குப் போய், போலீஸ்தான் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். அதுவரை இங்கே யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அது எப்போது போய்ச் சேரும் என்பது பெரியவருக்கே தெரியாது. “அதுதானே முறை? முறைன்னா உங்களுக்குப் பிடிக்குமே” என்றும் சொல்லிவைத்தார்.

புதன்கிழமை வந்தது. காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, “சார், அந்தம்மா” என்றார்.

மேடம் தலையைத் தூக்கிப் பார்த்தார். சொல்லக்கூடாது சார் கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு எழுந்து போனார். வழக்கமாக முகப்பில் இருந்த தடுப்புப் பலகைக்கு உள்ளே நின்றுதான் பேசுவார். அன்றைக்குப் பலகையை மேலே தூக்கிவிட்டு வெளியே வந்து, அந்த அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அந்த அம்மாவின் விரலில் இருந்த கட்டைப் பிரித்திருந்தார்கள். புதுத் தோல் சிவப்பாக இருந்தது.

“ஏதாவது சேதி உண்டா சார்?”

“அம்மா, முன்னாடி நாங்க குடுத்த அறிக்கையில விலக்கம்னு ஒரு முடிவு...”

“எனக்கு அதெல்லாம் புரியாது சார். புரியற மாதிரி சொல்லுங்க.”

“அந்த விரல் உங்க தம்பியோடதுதாம்மா. நாங்கதான் படத்தை மாத்திப் பாத்துட்டோம். தண்ணியில கிடைச்சது அவர்தான்.”

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது.

“நான் மொத நாளே சொல்ல வந்தேன்” என்றார்.

“ஆமாம்மா.”

“தழும்பு இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க கையைக் காட்டி நிறுத்தினீங்க. கேக்கக்கூடாதுன்னீங்க. இதோ, இதே இடத்துல.”

“ஆமாம்மா.”

“வாழைப்பழம் வாங்கிட்டு வந்தேனே பாவி! உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்னு சொன்னேனே!” அந்த அம்மா தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். காவலாளி ஓடிவந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். சொல்லக்கூடாது சார் தலையைக் குனிந்துகொண்டு எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். விதியை எடுத்துச் சொல்லவில்லை. போட்டோகிராபரைப் பற்றியோ உத்தரவைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

அழுகை ஓய்ந்தபின், “எங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

அவர் இடத்தைச் சொன்னார். கல்லின் எண்ணைச் சொன்னார். கூடவே வருகிறேன் என்றும் சொன்னார். “நீங்க வர வேணாம்” என்றார் அந்த அம்மா, சட்டென்று. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார்.

“அப்போ வீட்டைப் பூட்டலாமா சார்?”

வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசிய மனிதர், “பூட்டிக்கங்கம்மா” என்றார். “பூட்டிட்டு மக வீட்டுக்குப் போங்க.”

அந்த அம்மா பையைத் திறந்து துழாவினார். அளவு நாடா, நூல்கண்டு, சில்லறை எல்லாம் பெஞ்சில் வந்து விழுந்தன. பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார். பிறகு சாரைத்தான் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ அவரிடம் கொடுத்து வைத்திருந்ததுபோல.

“சாவியை எங்க வெச்சேன்னே தெரியலையே சார்.”